காருக்கும் சாதகம் பார்க்க வேண்டும்

வீட்டிலே பெண்ணுக்கு ஒரு வரன் வந்துவிட்டால் நம்மவர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. சாதகக் குறிப்பை மூன்று சோதிடரிடம் காட்டுவார்கள். பிள்ளையின் குடிப்பழக்கம் முதல் பாட்டனாரின் குணம் வரையில் ஊரெல்லாம் விசாரிப்பார்கள். அத்துணை எச்சரிக்கை வாய்ந்த அதே மக்கள், பழைய மோட்டார்க் கார் ஒன்றை வாங்கப் புகும்பொழுது மாத்திரம் அதன் நிறத்தையும் மினுக்கத்தையும் கண்டு மயங்கி, பல்லாண்டுச் சேமிப்பை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பெற்றோலினாலும் மின்சாரத்தினாலும் இயங்கும் ஹைபிரிட் என்னும் கலப்பு வகைக் கார்கள் நம் நாட்டில் மலிந்துவிட்ட இக்காலத்தில், இந்த மயக்கம் பெருநட்டத்துக்கு ஏதுவாகும்.

2025 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் என் தங்கையின் கணவர் வடமராட்சியிலிருந்து வந்தார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரக நோய். வாரத்துக்கு இருமுறை குருதிச் சுத்திகரிப்புக்காக யாழ்ப்பாணம் நகரத்துக்கு வரவேண்டும். ஓட்டோவிலே முப்பது கிலோமீற்றருக்கு மேல் குலுங்கிக் குலுங்கி வந்து, சிகிச்சை முடிந்து சோர்ந்த உடம்போடு அதே வழியிற் திரும்புவது அந்த முதியவருக்கு இயலாததாயிற்று. ஆகவே தம் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்றுக் கார் வாங்கும்படி அவரே மகனிடம் சொல்லிவிட்டார்.

“மச்சான், ஒரு அக்வா பார்த்திருக்கிறன். புதுக் கார்போல மினுங்குது. மீற்றரிலே எழுபத்தோராயிரந்தான். நீங்கள் ஒருக்கால் வந்து பார்த்தால் நல்லது” என்றார் மைத்துனர்.

எனக்கு யந்திர சாத்திரம் தெரியாது. கல்லூரியிலே பாடஞ் சொல்லிக் கொடுப்பவன். ஆயினும் பழைய ஏடுகளை நோக்கி எது மெய், எது பின்னர்ச் சேர்த்தது என்று ஆராயும் பழக்கம் சிறிது உண்டு. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்பொழுது ஹைபிரிட் கார்களைத் திருத்தும் கராஜ் நடத்துகிறான். அவனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

காரைப் பார்க்கும் முன் காலத்தைப் பார்த்தல் நலம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்குரிய கார்களைத் தருவிக்க 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலே மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும் நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. 2013, 2014 ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டவை பத்து வயதைக் கடந்துவிட்டன. ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி தளர்ச்சி காட்டத் தொடங்கும் பருவமும் ஏறத்தாழ அதுவே. எனவே இன்று சந்தையில் நிற்கும் பழைய ஹைபிரிட் ஒவ்வொன்றிலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி, “எவ்வளவு தூரம் ஓடிற்று?” என்பதன்று; “எவ்வாறு பேணப்பட்டது?” என்பதே.

இவ்வகைக் காரின் அமைப்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். உலகில் முதன்முதலாகப் பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட ஹைபிரிட் கார், 1997 ஆம் ஆண்டு திசெம்பரில் யப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ். அதன் தம்பியாகிய அக்வா 2011 திசெம்பரில் வந்தது. இவற்றில் ஒரு பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. பிறேக் பிடிக்கும்பொழுது வீணாகும் சக்தியை மோட்டாரே மின்சாரமாக்கிப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பிவிடும். நாம் பார்த்த காலத்து அக்வாவின் பற்றரியில் ஆறு கலங்கள் கொண்ட தொகுதிகள் இருபது உள. கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ற்றாக 120 கலங்களுக்கு 144 வோல்ற். மூன்றாந் தலைமுறைப் பிரியஸில் தொகுதிகள் 28, மொத்தம் 201.6 வோல்ற். இக்கலங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. இரட்டைமாட்டுத் திருக்கலில் ஒரு மாடு சோர்ந்தால் மற்றதும் அதன் நடைக்கே நடக்க நேர்வதுபோல, ஒரு தொகுதி நலிந்தால் முழுப் பற்றரியும் நலிந்ததாகவே முடியும்.

இப்பற்றரிக்குப் பகை வெப்பம். அதைக் குளிர்விக்கச் சிறு விசிறி ஒன்று உண்டு. அவ்விசிறி காற்றை உறிஞ்சும் துளைத்தட்டுப் பின்னிருக்கையின் அருகே இருக்கிறது. பிள்ளைகள் சிந்தும் பிஸ்கற்றுத் துகள், நாய் உரோமம், நமது செம்மண் புழுதி எல்லாம் அங்கே போய் அடையும். ஆண்டுதோறும் அதைக் கழற்றித் துடைத்தால் செலவு அற்பம். துடையாது விட்டால் பற்றரி வெந்து சாகும். இத்துணை பெரிய பொருளின் ஆயுள் இத்துணை சிறிய காரியத்தில் தங்கியிருப்பதைக் காரை விற்பவர்களிற் பலர் அறியார், அறிந்தவர் சொல்லார்.

மினுங்கிய கார்

முதற் காரிடம் வந்தோம். மெய்யாகவே அழகிய கார்தான். எஞ்சின் அறையைக் கூடக் கழுவி எண்ணெய் பூசிப் பளபளக்க வைத்திருந்தார்கள். நான் சேர்விஸ் புத்தகத்தைக் கேட்டேன். “வீடு மாறும்பொழுது தொலைந்துவிட்டது” என்றார் விற்பவர். யப்பான் ஏலத்தாள்? அதுவும் அதே பெட்டியிற் போயிற்றாம்.

ஏலத்தாள் என்பது என்னவென்று இளைஞர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். யப்பானிலே பழைய கார்கள் பெரும்பாலும் ஏல நிலையங்களில் விற்கப்படுகின்றன. அங்குள்ள பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து ஒரு தாளில் அதன் குணதோஷங்களைக் குறிப்பார். ஓடிய தூரம், மொத்தத் தரம், உள்ளறையின் தரம் ஆகியன அதில் உண்டு. தரம் 4, 4.5 என்றிருந்தால் நல்ல கார்; ‘ஆர்’ என்னும் எழுத்து, விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்டது என்பதைக் காட்டும். காரின் படத்தில் ‘ஏ’ என்றால் கீறல், ‘யூ’ என்றால் நெளிவு, ‘டபிள்யூ’ என்றால் திருத்திப் பூசிய அடையாளம், இரட்டை ‘எக்ஸ்’ என்றால் மாற்றப்பட்ட பாகம். செசி நம்பர் எனப்படும் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, சிறு கட்டணத்துக்கு இத்தாளின் பிரதியைப் பெறவும் வழியுண்டு. விற்பவர் காட்டும் தாளை மாத்திரம் நம்பலாகாது. போலித் தாள்களும் உலாவுகின்றன.

யப்பானியப் பத்திரங்களில் ஆண்டு நமது கணக்கில் இராது. சக்கரவர்த்தியின் ஆட்சியாண்டாக இருக்கும். ஹெய்செய் ஆண்டாயின் 1988 ஐக் கூட்டவேண்டும். 2019 மே மாதத்தில் தொடங்கிய ரெய்வா ஆண்டாயின் 2018 ஐக் கூட்டவேண்டும். ஹெய்செய் 26 என்றால் 2014. நாயக்கர் காலத்துச் சாசனத்துக்கு ஆண்டு கணிப்பதைவிட இது எளிது! என் மாணவர்களுக்கு இக்கணக்கைக் கொடுத்தபொழுது அரை நிமிடத்திற் செய்துவிட்டார்கள். யப்பானில் தனியார் கார்களுக்கு முதலில் மூன்றாண்டுக்குப் பிறகும், பின்னர் இரண்டாண்டுக்கொருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. ஓடிய தூரம் அப்பொழுது பதியப்படும். ஆனால் நம் நாட்டுக்கு வந்தவற்றிற் பல மூன்று வயது நிரம்புமுன்னரே கப்பலேறியவையாதலால் அப்பதிவு அவற்றுக்கு இராது. அதனாலேதான் ஏலத்தாளுக்கு இவ்வளவு மதிப்பு.

நிற்க. தாள்கள் இல்லாத காரிடம் காரையே சாட்சி கேட்கவேண்டியதாயிற்று. பதினொரு வயதுக் காரின் பிறேக் மிதியில் இரப்பர் புத்தம் புதிதாய் இருந்தது. எழுபத்தோராயிரம் கிலோமீற்றருக்கு அது தேய்ந்து போகக் காரணமில்லை. தேயாததை மாற்றுவாரும் இல்லை. ரயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உள. முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. அவை நான்கும் ஒரே வாரத்தன, ஓராண்டு வயதின. அதில் குற்றமொன்றும் காணவில்லை. சில்லைக் கழற்றிப் பார்த்தபொழுது பிறேக் கட்டைகள் மெலிந்து கிடந்தன. இதைக் குறித்து என் மாணவன் சொன்னது நினைவிற் கொள்ளத் தக்கது: “சேர், ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கிற வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடும். அதனால் கட்டைகள் நெடுங்காலம் நிற்கும். இந்தத் தூரத்துக்கு இவ்வளவு தேய்வு என்றால், தூரத்திலேதான் எனக்குச் சந்தேகம்.”

பின்னர் அவன் பின்னிருக்கையின் துளைத்தட்டைக் கழற்றி விரலை உள்ளே விட்டான். வெளியே எடுத்த விரல் அடுப்படிச் சுவரைத் தடவியதுபோல் இருந்தது. காரின் வெளிப்புறத்தைத் தேய்த்தவர்கள் இங்கே கை வைக்கவில்லை.

இறுதியாக ஸ்கானர் என்னும் சிறு கருவியைக் காரில் மாட்டினான். கோளாறு ஏற்படும்பொழுது காரின் கணினி அதற்குரிய குறியீட்டைத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். பற்றரியை மாற்றவேண்டும் என்பதற்குரிய குறியீடு பீ-0-ஏ-80. இக்காரில் ஒரு குறியீடும் இல்லை. மைத்துனரின் முகம் மலர்ந்தது. “பொறுங்கோ” என்றான் மாணவன். குறியீடுகளை விற்பவர் அழித்துவிடலாம். ஆனால் அழித்தபின் எவ்வளவு தூரம் ஓடிற்று என்பதையும் பெரும்பாலான கார்களின் கணினி கணக்கு வைத்திருக்கும். அக்கணக்கைத் திரையில் வரவழைத்தான். 14 கிலோமீற்றர்!

விற்பவரிடம் கேட்டோம். சிறிய பற்றரியை மாற்றியதால் நினைவு அழிந்திருக்கும் என்றார். ஹைபிரிட் காரிலே பெரிய பற்றரியோடு சாதாரண 12 வோல்ற் பற்றரி ஒன்றும் உண்டு. அதைக் கழற்றினால் அவ்வாறு அழிவதும் உண்டு. ஆதலால் மனிதரைப் பொய்யர் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் அந்தச் சிறிய பற்றரியின் மேல் பொறித்திருந்த திகதி இரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது. நாங்கள் நன்றி கூறி வெளியே வந்தோம். மைத்துனர் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை.

கோவை வைத்திருந்தவர்

இரண்டாவது கார் கொக்குவிற் பகுதியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவருடையது. 2013 ஆம் ஆண்டு அக்வா. முன்பக்கத்தில் இரண்டு கீறல். கதவிலே ஒரு நெளிவு. மீற்றரில் 148,000 கிலோமீற்றர். மைத்துனர் இறங்கவே விரும்பவில்லை. ஆனால் அப்பெரியவர் உள்ளே சென்று ஒரு தடித்த கோவையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தபாற் கந்தோரிலே நாற்பது வருடம் பற்றுச்சீட்டுகளோடு வாழ்ந்த மனிதர் அல்லவா! ஏலத்தாள் முதல் சென்ற மாதத்து எஞ்சின் எண்ணெய்ச் சீட்டு வரையில் திகதி வரிசையில் துளையிட்டுக் கோத்திருந்தார்.

ஒரு கோவையை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு சீட்டிலும் திகதியும் மீற்றர் இலக்கமும் இருக்கின்றனவா என்று முதலிற் பார்க்கவேண்டும். அவ்விலக்கங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினால் அவை படிப்படியாக ஏறவேண்டும். எங்கேனும் இறங்கினால் அங்கே மீற்றரில் கை வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் எழுதிய வரிசை ஒழுங்காக ஏறிற்று. ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம். எண்ணெயும் 0டபிள்யூ-20 என்னும் மெல்லிய வகை. ஆண்டுக்கொருமுறை பற்றரி விசிறி துப்புரவு. ஓரிடத்தில் இன்வேட்டருக்குரிய கூலன்ற் மாற்றிய சீட்டும் இருந்தது.

இந்தக் கூலன்ற் விடயத்தைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இக்காரில் எஞ்சினுக்கு ஒரு குளிர்நீர்ச் சுற்று, மின்சாரத்தை மாற்றும் இன்வேட்டருக்கு வேறொரு சுற்று. பின்னதைப் பலர் மறந்துவிடுகின்றனர். குறைந்ததென்று கண்டால் கிணற்றுத் தண்ணீரை வார்த்து விடுவாரும் உளர். நமது குடாநாட்டு நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியிற் படியும் வெண்படையை எந்த இல்லத்தரசியும் அறிவார். அதே வெண்படை காரின் நுண்குழாய்களிலும் படியும். டொயோட்டாவின் அசல் கூலன்ற் இளஞ்சிவப்பு நிறமுடையது. கிண்ணத்தில் நிறமற்ற நீரோ கலங்கிய நீரோ தெரிந்தால் அதையே ஒரு வாக்குமூலமாகக் கொள்ளலாம்.

தபாலதிபரின் கிண்ணத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. ஆனால் கோவையில் ஓரிடம் எனக்கு உறுத்திற்று. 118,400 கிலோமீற்றருக்கு ஒரு சீட்டு. அடுத்தது 118,460 க்கு. தூரம் அறுபதே கிலோமீற்றர். காலமோ எட்டு மாதம். கேட்டேன். கனடாவிலுள்ள மகளிடம் போயிருந்ததாகவும், கார் கொட்டிலிலே நின்றதாகவும் சொன்னார். ஓடாது நின்ற கார் நல்லது என்று நாம் எண்ணுவோம். ஹைபிரிட் பற்றரிக்கு அது பொருந்தாது. ஓடும்பொழுது கணினி அதன் மின்னளவை நடுத்தரமான எல்லைக்குள் வைத்துக் காக்கும். மாதக்கணக்கில் நின்றால் காப்பாரின்றித் தானாக இறங்கும். கலத்துக்குக் கலம் வேறுபாடும் வளரும். கீறலையும் நெளிவையும் பார்த்து முகஞ்சுளித்த மைத்துனருக்கு இந்த எட்டு மாதமே காரின் மெய்யான தழும்பு என்பதை எடுத்துச் சொன்னேன்.

ஸ்கானரை மாட்டி, காரை மேட்டில் ஏற்றியும் பிறேக் பிடித்து இறக்கியும் தொகுதிகளின் வோல்ற்றைப் பார்த்தான் மாணவன். நின்ற நிலையில் பார்ப்பது போதாது. பாரம் இழுக்கும்பொழுதுதான் நலிந்த கலம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு தொகுதி மற்றவற்றினும் சற்றே தாழ்ந்து இறங்கிற்று. அபாயமான அளவன்று, ஆயினும் இரண்டு மூன்று ஆண்டில் செலவு வரும் என்றான். குறியீடுகளை அழித்த அடையாளம் ஏதும் இல்லை.

இங்கே இன்னொன்று. நலிந்த ஒரு தொகுதியை மாத்திரம் மாற்றி, “பற்றரி மாற்றியாயிற்று” என்று விற்பதும் வழக்கமாகிவிட்டது. பழையனவற்றின் நடுவே வைத்த அந்த ஒன்று சமநிலையைக் குலைக்கும். சில மாதத்தில் பக்கத்திலுள்ளது விழும். ஆகவே மாற்றியதாகச் சொன்னால் முழுவதையுமா, சில தொகுதிகளையா, புதியனவா, பழையவற்றிற் தெரிந்தெடுத்தனவா, உத்தரவாதம் எத்தனை மாதம், அது வாங்குபவருக்கும் செல்லுமா என்பவற்றைச் சீட்டில் எழுத்தாகக் காணவேண்டும்.

ஹொண்டாக் கார் வாங்க நினைப்போருக்கும் ஒரு வார்த்தை. 2013 செப்டெம்பரில் வெளிவந்த ஹொண்டா பிட் ஹைபிரிட், 2014 ஒக்டோபருக்குள் ஐந்து முறை திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்கப்பட்டது. கியர்ப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கணினி பற்றியவை அவற்றில் முக்கியமானவை. அக்காலத்துப் பிட், வெசல் கார்களை வாங்குவோர் அத்திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்பதைத் தயாரிப்பாளர் யப்பானில் நடத்தும் இணையத்தளத்தில் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தபாலதிபரோடு விலை பேசினோம். அந்த எட்டு மாதத்தையும் தாழ்ந்த தொகுதியையும் மறையாது சொன்னோம். அவரும் மறுக்கவில்லை, சிறிது யோசித்து விலையை இறக்கினார். பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் ஏதும் இல்லாததைக் கண்டு, அதிலுள்ள இலக்கங்களைக் காரின் எஞ்சின், அடிச்சட்ட இலக்கங்களோடு ஒப்பிட்ட பின்னரே பணம் கைமாறிற்று. குறைத்த தொகையைச் செலவு செய்யாமல், வரப்போகும் பற்றரிக்கென்று மைத்துனர் தனியாக வங்கியில் இட்டுவிட்டார். கோவையையும் தபாலதிபர் காரோடு கொடுத்தார். கொடுக்கும்பொழுது கடைசித் தாளில் அன்றைய திகதியையும் 148,212 என்னும் இலக்கத்தையும் தம் கையாலேயே எழுதி ஒப்பமிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சிகிச்சைக்குப் புறப்பட்டபொழுது நானும் உடன் சென்றேன். மாமி பின்னிருக்கையில் மெல்ல அமர்ந்து, மருந்துப் பையையும் சால்வையையும் பக்கத்திலிருந்த துளைத்தட்டின் மேல் வைத்தார். மைத்துனர் பதறிப்போய்க் கதவைத் திறந்து அவற்றை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“அது என்னடா, அதிலே சாமியா இருக்கிறார்?” என்றார் மாமி.